சேலத்துக்கு வீகன் எந்த வழியாக வந்தது?

கேட்டவருக்கு ஆத்தூர்ப் பக்கம். வீட்டில் மாடு இருக்கிறது, சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் பொங்கலுக்கு வந்தவள் பால், தயிர், நெய் எதையும் தொடவில்லை, கேட்டால் வீகன், விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிட மாட்டேன் என்கிறாள். ஏற்காடு போனால் அங்கேயும் ஒரு கஃபே மெனுவில் ஓட்ஸ் பால் காப்பி இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் காதில்கூட விழாத சங்கதி எப்படி இவ்வளவு வேகமாகப் பரவியது, பின்னால் இருப்பது கம்பெனிக்காரர்களா, எங்கள் பால் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்கிறார்.

கம்பெனிகள் கடைசியில்தான் வந்தன. அதற்கு முன்னால் எழுபது வருடம் ஒரு சின்னக் கூட்டம் தொண்டை வறளக் கத்தியது, அதில் பாதி வீணாய்ப் போனது, மீதி பலித்தது. சேலத்துக்கு அது வந்த வழி இன்னும் வேடிக்கை. மற்ற ஊர்களில் விலங்குகளுக்காகப் பேசி உள்ளே நுழைந்த சமாச்சாரம், நம்மூரில் அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் நுழைய முடிந்தது. நான் படித்தது உணவுத் தொழில்நுட்பம். ஏற்காட்டில் சில விடுதிகளுக்கு மெனு போட்டுக் கொடுத்து, சமையற்கட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது தொழில். சொந்தபந்தத்தில் பாதிப் பேர் காலையில் பால் கேனோடு சொசைட்டி வாசலில் நிற்கிறவர்கள். நான் வீகன் இல்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆரம்பம் 1944 நவம்பர், இங்கிலாந்து. டொனால்ட் வாட்சன் என்ற மரவேலை ஆசிரியரும் சில நண்பர்களும், கறி மட்டும் இல்லை, பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்று தனியாக ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது, ரேஷனில் பாலும் முட்டையும் கிடைத்தால் போதும் என்று ஊரே ஏங்கிய காலம், அப்போது போய் இதைச் சொன்னால் யார் கேட்பார்கள். பி12 என்ற வைட்டமினைப் பிரித்தெடுத்ததே 1948-ல்தான், அதாவது சங்கம் தொடங்கி நான்கு வருடம் கழித்து. இயற்கையாக அது இருப்பது பால், முட்டை, கறி, மீனில்தான். அது எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தெரியாமலேயே அந்த ஆட்கள் இந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உடம்பு கெட்டவர்களும் இருந்தார்கள், கிறுக்கர்கள் என்ற பெயர் அப்போது ஒட்டியதுதான், வெகுகாலம் உரியவில்லை.

அடுத்த பெரிய திருப்பம் 1980-ல் அமெரிக்காவில் தொடங்கிய பீட்டா என்ற விலங்குரிமை அமைப்பு. ஃபர் கோட்டுக்கு எதிராக ஆடையில்லாத நடிகைகளை வைத்து விளம்பரம், ரத்தம் மாதிரி சாயத்தைக் கொட்டிக்கொண்டு நடுரோட்டில் படுப்பது என்று பத்திரிகைக்காரன் படம் எடுக்காமல் போக முடியாதபடி எல்லாம் செய்தார்கள். கவனம் ஏராளமாகக் கிடைத்தது. ஆனால் அதைப் பார்த்துச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டவர்களைவிட எரிச்சல் பட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் கணிப்பு. திட்டிச் சாப்பாட்டை மாற்ற முடியாது, வீட்டில் பிள்ளைகளுக்குக் கீரை ஊட்டிய யாருக்கும் இது தெரியும்.

சரி, அப்புறம் எது மாற்றியது? படங்கள்தான், அவை கைக்கு வந்த விதமும்தான். அறுப்புக்கூடத்துக்குள்ளே, கோழிப் பண்ணைக்குள்ளே என்ன நடக்கிறது என்று ஒளித்து எடுத்த காட்சிகள் முன்பும் இருந்தன, ஆனால் அதைக் காட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்தது டிவிக்காரர்கள், அவர்களுக்கு விளம்பரம் கொடுப்பதோ உணவுக் கம்பெனிகள். 2005-ல் 'எர்த்லிங்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது, பின்னணிக் குரல் நடிகர் வாக்கீன் ஃபீனிக்ஸ். தியேட்டரில் அதை யார் பார்த்தார்கள், நெட்டில் இலவசமாகச் சுற்றியதுதான் அதன் பலம். 2014-ல் 'கவ்ஸ்பிரசி' மாடு வளர்ப்பையும் சுற்றுச்சூழலையும் முடிச்சுப் போட்டது. 2017-ல் 'வாட் த ஹெல்த்' முட்டையைச் சிகரெட்டோடு ஒப்பிட்டு, ஊட்டச்சத்து தெரிந்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. அந்தப் படத்தை வைத்து யாராவது உங்களிடம் வாதம் செய்தால் நம்ப வேண்டாம். ஆனால் சரியோ தப்போ, படம் பேசப்பட்டது.

இதில் உண்மையிலேயே ஆட்டத்தை மாற்றியது 'த கேம் சேஞ்சர்ஸ்', 2019-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. அதில் அழுகிற மாட்டுக் கன்று கிடையாது. எடை தூக்குகிறவர்கள், ஓட்டக்காரர்கள், அர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர். கறி தின்றால்தான் ஆம்பளை என்ற எண்ணத்தின் கழுத்திலேயே கை வைத்தார்கள். அறிவியல் அதிலும் சில இடங்களில் இழுவைதான். ஆனால் அதுவரை இந்தப் பேச்சின் பக்கமே வராத ஜிம் பையன்கள் அந்தப் படத்துக்கு அப்புறம்தான் வந்தார்கள். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு ஜிம்மில் முட்டை வெள்ளைக்கரு தவிர வேறு பேச்சே இல்லாத இடத்தில், பட்டாணிப் புரதப் பவுடர் டப்பாவை நான் முதலில் பார்த்தது அதற்குப் பிறகுதான். இதற்கெல்லாம் அடியில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது இருக்கிறது. டேட்டா அவ்வளவு மலிவாகாமல் இருந்திருந்தால் இந்தப் படமெல்லாம் சங்ககிரி தாண்டி வந்திருக்காது.

இன்னொரு பக்கம் பிரசாரம் செய்கிறவர்களே பாணியை மாற்றினார்கள். 2014-ல் இங்கிலாந்தில் 'வீகனுவரி' என்று தொடங்கினார்கள், ஜனவரி மாதம் 31 நாள் மட்டும் விட்டுப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள் என்று. முதல் வருடம் பதிந்தவர்கள் சுமார் 3,300 பேர், 2023-ல் ஏழு லட்சத்தைத் தாண்டியது. வெள்ளைக்காரனுக்கு அது புதுசு, நமக்கு இல்லை. புரட்டாசியில் கறிக்கடை காற்று வாங்குவதும், ஐயப்பனுக்கு மாலை போட்டவன் 48 நாள் தொடாமல் இருந்துவிட்டு மாலையைக் கழற்றின மறுநாள் நேராகப் பிரியாணிக் கடைக்குப் போவதும் நாம் பார்த்து வளர்ந்ததுதான். வாழ்நாள் முழுக்க என்றால் ஓடுகிறவன் ஒரு மாசம் என்றால் சரி என்பான், அதில் கொஞ்சம் பேர் அப்படியே தங்கிவிடுவார்கள். மாசக்கணக்கு வந்ததும் ஹோட்டல்காரர்களுக்கும் சூப்பர் மார்க்கெட்காரர்களுக்கும் வேலை சுலபமாகிவிட்டது, ஜனவரிக்கென்று தனி மெனு, தனி அலமாரி.

2019-ல் கிரெக்ஸ் என்ற இங்கிலாந்து பேக்கரிக் கம்பெனி, நம்மூர் பப்ஸ் விற்கிற மாதிரி தெருவுக்குத் தெரு கடை உள்ளது, வீகன் சாசேஜ் ரோல் போட்டது. பியர்ஸ் மார்கன் என்ற டிவிக்காரர் அதைக் கேலி செய்து ட்விட்டரில் எழுத, காசு செலவில்லாமல் விளம்பரம், கடைகளில் சரக்குத் தீர்ந்துபோனது. அதே வருடத்தை 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை வீகன்களின் வருடம் என்றது. 2020 பிப்ரவரியில் ஆஸ்கர் மேடையில் அதே ஃபீனிக்ஸ், விருதைக் கையில் வைத்துக்கொண்டு, பசுவுக்குச் சினை ஊசி போட்டு, பிறந்த கன்றைப் பிரித்து, கன்றுக்கான பாலை நம் காப்பியில் ஊற்றுகிறோம் என்று பேசினார். அதுவரை உலகம் முழுக்கக் கறியைப் பற்றித்தான் பேச்சு, அன்றைக்குப் பால் சந்திக்கு வந்தது. உங்கள் மகள் அதை எங்கேயாவது ஒரு நிமிட வீடியோவாகப் பார்த்திருப்பாள், பந்தயமே கட்டலாம்.

இந்தியாவுக்கு வரும்போதுதான் சிக்கல். வடக்கே சைவம் சாப்பிடுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள், ஆனால் அவர்கள் சாப்பாடு முழுக்கப் பால்தான், பன்னீர், நெய், தயிர், மோர், இனிப்பு. கறியை விடு என்று அவர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, பாலை விடு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். விராட் கோலி கறியை விட்டதும் ஊடகங்கள் அவரையும் வீகன் ஆக்கிவிட்டன, 2021-ல் அவர் தன் சாப்பாட்டுப் பட்டியலில் முட்டையைச் சொன்னதும் பெரிய கலாட்டா, நான் எப்போது வீகன் என்று சொன்னேன், சைவம் என்றுதானே சொன்னேன் என்று அவரே எழுத வேண்டியதாயிற்று. இந்தப் பிரபலங்கள் விவகாரத்தில் பாதி இப்படித்தான். உறுதியாகச் சொல்லக்கூடியவர்களும் உண்டு, 'ஜெயம்' படத்து சதா மும்பையில் வீகன் கஃபேயே நடத்தினார்.

அதே 2021-ல் நடந்த சண்டை உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. செடியிலிருந்து எடுக்கும் பாலுக்கு மாறுங்கள் என்று இந்திய பீட்டா அமுலுக்குக் கடிதம் எழுதியது. அப்போது அமுலின் நிர்வாக இயக்குநராக இருந்த ஆர்.எஸ். சோதி, பத்துக் கோடி பால் விவசாயிகள் இருக்கிறார்கள், அதில் எழுபது சதவீதம் பேருக்கு நிலமே கிடையாது, அவர்கள் பிள்ளைகளுக்கு யார் பள்ளிக்கூடத்துக் கட்டணம் கட்டுவது என்று திருப்பிக் கேட்டார். பொதுவெளியில் அமுல் ஜெயித்தது, எனக்கும் அப்போது அப்படித்தான் பட்டது. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சோயா, பாதாம், ஓட்ஸில் எடுப்பதைப் 'பால்' என்று விற்கக்கூடாது என்று நின்றுவிட்டது, அதனால்தான் பாக்கெட்டில் 'ஓட்ஸ் பானம்' மாதிரி போட்டிருக்கும். ஆனால் அதே ஆணையம் 2022-ல் வீகன் உணவுக்குத் தனி விதிமுறையும், பச்சை நிறத்தில் இலை முளைத்த 'வி' என்ற முத்திரையும் கொடுத்தது. பெயர் போச்சு, முத்திரை கிடைத்தது. என் தொழிலில் இருந்து பார்த்தால் முத்திரைதான் பெரிய விஷயம். ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் பொடி எழுத்தைப் படிக்க எந்த சப்ளையருக்கும் நேரம் இருக்காது.

இப்போது நம்மூர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது, விலங்குகள் நல வாரியத்தோடு பீட்டாவும் அந்த வழக்கில் இருந்தது. 2017 ஜனவரியில் மெரினா மட்டும் இல்லை, சேலமும் கொதித்தது. முள்ளுவாடி கேட் பக்கம் பெங்களூர்-காரைக்கால் தடத்துப் பாசஞ்சர் ரயிலை நாள்கணக்கில் நகரவிடாமல் பிடித்து வைத்தார்கள். உங்கள் ஆத்தூர்ப் பக்கம் கூலமேடு ஜல்லிக்கட்டுக்கு மாடு விடுகிற ஊர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து 'பீட்டா' என்பது இங்கே கெட்ட வார்த்தை. பீட்டா இருப்பதே நாட்டு மாட்டை ஒழித்துவிட்டு வெளிநாட்டுப் பால் கம்பெனிகளை உள்ளே விடத்தான் என்று வாட்ஸப்பில் வராத நாள் இல்லை. பாலே வேண்டாம் என்கிற ஒரு அமைப்பு பால் கம்பெனிகளுக்கு ஏஜெண்ட் என்பது எப்படிப் பொருந்தும் என்று யாரும் நிதானித்துக் கேட்கவில்லை, ஆனால் கோபத்துக்குக் காரணம் இருந்தது. வருடம் முழுக்க மாட்டோடு வாழ்கிறவனைப் பார்த்து, மாட்டோடு வாழாதவன் கொடுமைக்காரன் என்று சொன்னால் வேறென்ன நடக்கும்.

இன்னொன்றும் உண்டு, வெளியூர் வீகன் பிரசாரகர்களுக்குப் புரியாதது. தமிழ்நாட்டில் 2014-ல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் அசைவம் சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு 97-க்கும் மேல். இங்கே சைவம் என்பது சாப்பாடு மட்டும் இல்லை, அதில் ஜாதி வாசனை இருக்கிறது. வாடகைக்கு வீடு தேடி, 'சைவம் மட்டும்' என்ற போர்டைப் பார்த்துத் திரும்பி வந்தவனிடம் போய்க் கறி சாப்பிடாதே என்று சொன்னால் அவன் காதில் அது கருணையாக விழாது. புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரமே வைத்திருக்கிறார், வடலூர் வள்ளலார் ஜீவகாருண்யம் பேசினார், 1960-ல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் ருக்மிணி தேவி அருண்டேலின் உழைப்பு இருக்கிறது. கையில் இவ்வளவு சரக்கு இருந்தும் அது எடுபடவில்லை. விலங்குப் பாசம் என்ற வாசல் 2017-க்குப் பிறகு இங்கே கிட்டத்தட்ட அடைத்தே போனது.

அதனால் வேறு வாசல்களில் நுழைந்தது. முதல் வாசல் ஆஸ்பத்திரி. சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு, பெண்பிள்ளைகளுக்கு நீர்க்கட்டி, முகப்பரு, பால் குடித்தால் வயிறு உப்புவது. ஆரோவில்லைத் தளமாகக் கொண்டு டாக்டர் நந்திதா ஷா 2005-ல் தொடங்கிய 'ஷரண்' அமைப்பு சர்க்கரை நோய்க்குத் தாவர உணவு என்று முகாம் முகாமாக நடத்தியது, 2016-ல் அவருக்கு நாரி சக்தி விருதும் கிடைத்தது. விலங்குகள் பேச்சு அங்கேயும் உண்டு, ஆனால் வந்தவர்கள் வந்தது மாத்திரை குறையுமா என்று பார்க்க. ஒன்று சொல்ல வேண்டும், தமிழில் சமூக ஊடகம் வழியாக மிகப் பெரிதாகப் பரவிய உணவுமுறை வீகன் இல்லை, அதற்கு நேர் எதிரான பேலியோ. முட்டை, கறி, நெய், பன்னீர், வெண்ணெய் போட்ட காப்பி. பால் பொருளை விடச் சொன்னதைவிட அள்ளிச் சாப்பிடச் சொன்னதற்குத்தான் நம்மாட்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். சேலத்தில் மட்டன் சாப்பாட்டு மெஸ்களுக்கு மத்தியானம் நிற்கிற வரிசையைப் பார்த்தால் அது ஒன்றும் ஆச்சரியம் இல்லை.

இரண்டாவது வாசல் ஏற்காடு. இது என் பிழைப்பு என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வார இறுதிக் கூட்டத்தில் பெங்களூர்க்காரர்கள் கணிசம். பத்துப் பேர் கொண்ட குழுவில் ஒருத்தர் வீகன் இருந்தால் போதும், அந்த ஒருத்தருக்குச் சாப்பாடு இல்லாத விடுதியை மொத்தக் குழுவும் விட்டுவிடும். முதலாளிக்கு இது ஒரே நாளில் புரிந்துவிடும், கொள்கை எதுவும் விளக்க வேண்டியதில்லை. கஷ்டம் சமையற்கட்டில். கறி, மீன், முட்டை கூடாது என்றால் மாஸ்டருக்குப் பிரச்சனையே இல்லை, பால் கூடாது என்றதும், சரி சார் தயிர் போட்டுக்கலாமா என்பார். நெய் என்பது பாலில் சேர்த்தி என்றே பலர் மனதில் இல்லை. தோசைக் கல்லில் கடைசியாக விடுகிற அந்த ஒரு ஸ்பூன் நெய், பொங்கல், சாம்பாருக்கு மேலே ஊற்றுகிற நெய், ரவா தோசை மாவில் கரைத்த மோர், பரோட்டா மாவில் போன முட்டையும் பாலும், குருமாவில் கிரீம், சப்பாத்தியில் கடைசியாகத் தடவுகிற வெண்ணெய். இதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடித்து, தனித் தோசைக் கல், தனிக் கரண்டி என்று சுவரில் எழுதி ஒட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

வேடிக்கை என்னவென்றால் ஏரிக்கரையில் போடுகிற மிளகாய் பஜ்ஜி எந்த முத்திரையும் இல்லாமல் முழு வீகன், கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய், எண்ணெய், அவ்வளவுதான். கீழே டவுனில் தட்டுவடை செட், தட்டையில் வெண்ணெய் சேர்க்காமல் இருந்தால், அதுவும் அப்படியே. காரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், இரண்டு சட்னி. மலை மேலே எஸ்டேட் வேலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடிப்பது வரக்காப்பி, பால் வாங்கக் கட்டுபடியாகாததால். அந்த மலையில் காப்பி போட்டது 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், இருநூறு வருடம் கழித்து அதே காப்பியில் ஓட்ஸ் பால் ஊற்றிக் கூடுதல் காசு வாங்குகிறார்கள். எனக்குக் கேட்டால் வரக்காப்பியே ருசி, சொன்னால் என் வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

கம்பெனிகள் பற்றிக் கேட்டீர்கள். பியாண்ட் மீட் என்ற அமெரிக்கக் கம்பெனி 2019 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தது, 25 டாலருக்கு விற்ற பங்கு முதல் நாளே 65-ஐத் தாண்டி முடிந்தது. அதைப் பார்த்துத்தான் இங்கே எல்லோரும் குதித்தார்கள். ஜெனிலியாவும் ரித்தேஷ் தேஷ்முக்கும் போலிக் கறிக் கம்பெனி தொடங்கினார்கள், கோலியும் அனுஷ்காவும் இன்னொன்றில் பணம் போட்டார்கள், ஐடிசி, டாடா மாதிரிப் பெரிய கைகளும் வந்தன. பியாண்ட் மீட் பங்கு 2025-ல் ஒரு டாலருக்கும் கீழே போய் வந்தது. பின்னால் இருந்து இயக்குகிறவர்கள் இவர்கள்தான் என்றால் இப்படியா நஷ்டப்படுவார்கள்? அலையைப் பார்த்துத் தோணி விட வந்தவர்கள், பலர் கவிழ்ந்தார்கள். போலிக் கறி நம்மூரில் எடுபடாததற்குக் காரணமும் எளிது. மீல் மேக்கர் குருமா நம் கல்யாணப் பந்தியில் எத்தனையோ வருடமாக இருக்கிறது, அதைவிடப் பல மடங்கு விலைக்கு உறைந்த பாக்கெட்டை யார் வாங்குவார்கள்.

ஆனால் கம்பெனிகள் பக்கத்தில் நம் மாவட்டத்துக்கே ஒரு சம்பந்தம் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. பீட்சா மேல் போடுகிற வீகன் சீஸ் சூடானதும் நூல் மாதிரி இழுபட வேண்டும், பாலில் அந்த வேலையைச் செய்வது கேசின் என்ற புரதம். தாவரத்தில் அது கிடையாது. பல தயாரிப்புகளில் அந்த இழுவையைக் கொடுப்பது மரவள்ளி மாவு, அதாவது நம் குச்சிக்கிழங்கு ஸ்டார்ச். வீட்டிலேயே பார்க்கலாம், ஊறவைத்த முந்திரியை நைசாக அரைத்து, நாலு ஸ்பூன் மரவள்ளி ஸ்டார்ச்சும் தண்ணீரும் உப்பும் கொஞ்சம் எலுமிச்சையும் கலந்து அடுப்பில் கிளறினால், இரண்டு மூன்று நிமிடத்தில் திரிந்த மாதிரி ஆகி, பயந்துபோய் அடுப்பை அணைக்கப் போகிற நேரத்தில் சட்டென்று ஒன்றாகத் திரண்டு கரண்டியோடு வரும். ஜவ்வரிசிக்கு விலை இல்லை என்று வருடா வருடம் புலம்புகிற ஆத்தூர், கெங்கவல்லிப் பக்கத்து ஆலைக்காரர்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் கண்ணை வைக்கலாம்.

மூன்றாவது வாசல் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது, வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள். மகளிடம் சண்டை போடாதீர்கள் அண்ணா. அவள் சொல்வதில் ஒரு விஷயம் நமக்கே தெரியும், ஜெர்சி மாடு காளைக்கன்று போட்டால் அது எங்கே போகிறது என்று எந்தப் பால்காரரும் சத்தமாகச் சொல்வதில்லை. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது, வண்டிக்கு வேலை இல்லை, பால் குடிக்கிற வாயை எத்தனை நாள் வைத்திருக்க முடியும், கன்று சந்தைக்குப் போகிறது. இதை வைத்து உங்களைக் கொடுமைக்காரர் என்று அவள் சொன்னால் தப்பு, இப்படி எதுவும் நடக்கவில்லை என்று நீங்கள் சொன்னாலும் தப்பு. கிடேரிக் கன்றே கிடைப்பதற்கென்று பாலினம் பிரித்த விந்து ஊசி வந்திருப்பதே இந்தப் பிரச்சனைக்காகத்தான்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அவள் உடம்பைப் பற்றி. பி12 மாத்திரை எடுக்கிறாளா என்று கேளுங்கள், இதில் இழுபறி கூடாது. தாவர உணவில் நம்பும்படியான பி12 கிடையாது, குறைபாடு மெதுவாக வரும், வந்தால் நரம்பைப் பிடிக்கும். ஸ்பைருலினா சாப்பிடுகிறேன், கழுவாத கீரை சாப்பிடுகிறேன் என்றெல்லாம் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு டாக்டர் சொல்கிற அளவில் மாத்திரை போடட்டும். சுண்ணாம்புச் சத்துக்குப் பயம் வேண்டாம், நூறு கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருக்கிறது, எள்ளிலும் நிறைய. தயிர் இல்லாமல் எப்படிச் சாப்பாட்டை முடிப்பாள் என்று வீட்டம்மா கேட்பார்கள், நிலக்கடலையை ராத்திரி ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்துப் பிழிந்த பாலை, அடிபிடிக்காமல் கிளறிக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் ஏழெட்டு பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டு மூடி வைத்தால் மறுநாள் உறைந்திருக்கும். முதல் தடவை கொஞ்சம் நீர்த்த மாதிரி வரும், அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த தடவை உறை ஊற்றினால் கெட்டியாகும். கடலை வாசம் இருக்கும், மோர்க் குழம்பு வைத்துவிட்டால் தெரியாது.

கடைசியாக உங்கள் பால். இந்தியாவின் பால் உற்பத்தி 2023-24-ல் சுமார் 23.9 கோடி டன், உலகத்தில் முதல் இடம், வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. ஓட்ஸ் பானம் லிட்டருக்கு ஆவின் பாலைப் போலப் பல மடங்கு விலை, அதை வாங்குகிறவன் உங்கள் பாலை வாங்கிக்கொண்டிருந்தவன்தான் என்று வைத்துக்கொண்டாலும் தளவாய்ப்பட்டி ஆவின் டெய்ரிக்குப் போகிற லாரியில் ஒரு கேன் குறையாது. அரசாங்கமே தலைவாசலில் ஆயிரம் ஏக்கருக்கு மேல் கால்நடைப் பூங்கா கட்டி வைத்திருக்கிறது. சொசைட்டியில் உங்கள் கழுத்தைப் பிடிப்பது வீகன்கள் இல்லை, கொழுப்பு அளவில் அரைப் புள்ளி குறைத்துப் போடுகிற மெஷினும், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு ஏறுகிற வேகத்துக்கு ஏறாத கொள்முதல் விலையும், தனியார் வண்டி ஒரு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டு பால் அதிகம் கறக்கிற மாதங்களில் வராமல் போவதும்தான். அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், அதற்கு இதைவிட நீளமான பதில் வைத்திருக்கிறேன்.